நாலு பிள்ளைகளுக்கு ஒரே பாடப்பெட்டி

இந்தக் கதையில் நடந்த எதையும் நான் நேரில் பார்க்கவில்லை. பாதியைக் கமிட்டியார் சொல்லிக் கேட்டேன், ஆபீஸ் டீ நேரத்தில், நாளைக்குப் பத்து நிமிஷம் வீதம். மீதியை அவர் மனைவி ஒரே மூச்சில் சொன்னார், அவர்கள் வீட்டுக் கூடத்தில், அவர் வெளியே போயிருந்த நேரமாகப் பார்த்து. இரண்டு பேர் சொன்னதும் முக்கால்வாசி ஒத்துப்போனது. ஒத்துப்போகாத இடங்களில் மனைவி சொன்னதையே எடுத்துக்கொண்டிருக்கிறேன். கமிட்டியாரைக் கேட்டால் அவரும் அப்படித்தான் செய்யச் சொல்வார்.

கமிட்டியார் என்பது பெற்றோர் வைத்த பெயர் அல்ல. தண்ணீர் பம்பு செய்யும் கம்பெனியில் அவர் கொள்முதல் அதிகாரி. குண்டூசியிலிருந்து லாரி வரை எது வாங்கினாலும் முதலில் ஒரு கமிட்டி போடுவார். மூன்று இடத்திலிருந்து மாதிரி வரவழைப்பார். மூன்றையும் தானே பயன்படுத்திப் பார்ப்பார். மார்க் போடுவார். அதன் பிறகுதான் வாங்குவார். நாற்காலி என்றால் ஒவ்வொன்றிலும் ஒரு முழு நாள் உட்காருவார். பேனா என்றால் ஒவ்வொன்றிலும் மை தீரும்வரை எழுதுவார். கம்பெனிக்கு அவரால் ஒரு நஷ்டமும் வந்ததில்லை.

வீட்டு விஷயம் வேறு. இஸ்திரிப் பெட்டி பழுதானபோது புதுசு வாங்க ஏழு மாதம் எடுத்துக்கொண்டார். அந்த ஏழு மாதமும் குடும்பம் மொத்தமும் சட்டைகளை மெத்தைக்கு அடியில் விரித்து, மேலே படுத்துத் தூங்கியது. புரண்டால் மடிப்பு கலைந்துவிடும் என்று பிள்ளைகள் அசையாமல் படுக்கப் பழகினார்கள். கடைக்குட்டி இன்னும் அப்படித்தான் படுக்கிறான்.

கம்பெனி எங்கே புதுக் கிளை திறந்தாலும் முதல் ஆளாக அவரைத்தான் அனுப்பும். நாலு வருஷத்தில் இது மூன்றாவது ஊர். வந்து இறங்கியது படிப்பு வருஷத்தின் நடுவில். பள்ளிக்கூடத்தில் "இப்ப இடமில்லை, அடுத்த வருஷம் பார்க்கலாம்" என்றார்கள். அதுவரை வீட்டிலேயே சொல்லிக்கொடுக்கலாம், என்ன பாடத்திட்டம், யார் கற்பிக்கிறார்கள் என்று கல்வி அலுவலகத்தில் ஒரு படிவம் கொடுத்தால் போதும் என்றும் சொன்னார்கள்.

நாலு பிள்ளைகள். மூத்தவளுக்குப் பதினாலு வயது. எதைச் சொன்னாலும் ஆதாரம் கேட்பதால் வக்கீல் என்று பெயர். அடுத்தவனுக்குப் பத்து. கண்ணில் பட்டதையெல்லாம் கழற்றுவான், அதனால் மெக்கானிக். அதற்கு அடுத்தவளுக்கு ஏழு. எந்தப் பேச்சையும் "எதுக்கு?" என்றுதான் தொடங்குவாள். அதுவே பெயராகிவிட்டது. கடைக்குட்டிக்கு நாலு. அவனுக்கு வைத்த பட்டப்பெயர்கள் எதுவும் இதுவரை ஒட்டவில்லை.

மெக்கானிக்கைப் பற்றிப் பழைய பள்ளிக்கூடம் ஒரு கடிதம் கொடுத்திருந்தது. வாசிப்பில் மிகவும் பின்தங்கியிருக்கிறான், இப்படியே இருந்தால் அடுத்த வருஷம் மூன்றாம் வகுப்பில் உட்கார வைப்பது நல்லது. அடுத்த வருஷம் தங்கை ‘எதுக்கு’வும் மூன்றாம் வகுப்புக்குத்தான் போகிறாள். அண்ணனும் தங்கையும் ஒரே பெஞ்சு.

கமிட்டியார் கடிதத்தை மூன்று தடவை படித்தார். "கவனம் பத்தலை. நல்ல புஸ்தகமா வாங்கிக் கொடுத்தா சரியாயிடும்" என்று சொல்லிக் கோப்பில் வைத்தார். மெக்கானிக் கடிதத்தைத் தொடவில்லை. ஆனால் அதில் என்ன இருக்கிறது என்பது அவனுக்குத் தெரிந்திருந்தது. அன்றிலிருந்து அவன் தங்கையோடு விளையாடுவதில்லை.

மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை காலை. சாப்பாட்டு மேசையைத் துடைத்து முடித்த கையோடு, துணியைக்கூடக் கீழே வைக்காமல், கமிட்டியார் அறிவித்தார்.

"முடிவு பண்ணிட்டேன். நாலு பேருக்கும் ஒரே பாடத்திட்டம். ஒரே கம்பெனி, பாடமெல்லாம் அடைச்சு வர்ற ஒரே பெட்டி, ஒரே டைம்டேபிள்."

"பதினாலு வயசுக்கும் நாலு வயசுக்குமா?" என்றார் மனைவி.

"ஏன் கூடாது? எங்க கம்பெனி பம்புதான் கிணத்துக்கும் போகுது, பத்து மாடிக்கும் போகுது. சைஸ் மட்டும்தான் வேற."

"நம்ம பிள்ளைங்க பம்பா?"

"உதாரணத்துக்குச் சொன்னேன்."

"சரிங்க. எந்தக் கம்பெனி பெட்டி?"

"அதைக் கமிட்டி சொல்லும்."

"கமிட்டில யாரு யாரு?"

"நான் தலைவர். நீ உறுப்பினர்."

"தலைவர் ஒண்ணு சொல்லி, உறுப்பினர் வேற ஒண்ணு சொன்னா?"

"தலைவருக்கு ரெண்டு ஓட்டு."

வக்கீல் அறையிலிருந்து தலையை நீட்டினாள். "அப்பா, இது செல்லாது. படிக்கப்போறது நாங்க. எங்களுக்கு ஓட்டு இல்லையா?"

"பம்புக்கு ஏதுடி ஓட்டு?" என்றார் அம்மா. "போய்த் தலைய வாரு."

மனைவி ஒரு கிளினிக்கில் பிசியோதெரபிஸ்ட். கையைத் தூக்க முடியவில்லை என்று வருகிறவர்களிடம் அவர் கையைத் தூக்குங்கள் என்று ஒருநாளும் சொன்னதில்லை. "அந்த மேல்தட்டுல இருக்கிற டப்பாவைக் கொஞ்சம் எடுத்துத் தர்றீங்களா?" என்று கேட்பார். எடுத்துக் கொடுத்துவிட்டு, வைத்தியம் எப்போது ஆரம்பிக்கும் என்று அவர்கள் காத்துக்கொண்டிருப்பார்கள்.

அவர் ஈரத் துணியைக் கணவர் கையிலிருந்து மெதுவாக வாங்கிக்கொண்டார்.

"எனக்கு ஒரு சந்தேகங்க. ஆபீஸ்ல நாற்காலி வாங்குறப்ப யாரு உட்கார்ந்து பார்க்கிறது?"

"நான்தான். அடுத்தவன் முதுகை நம்பி எப்படி வாங்க முடியும்?"

"பேனா?"

"நான்தான்."

"அப்போ பாடம்?"

கமிட்டியார் யோசித்தார். அந்த இடத்தில் யோசிக்காமல் ஆபீஸ் கிளம்பியிருந்தால் இந்தக் கதையே இல்லை. ஆனால் அன்று ஞாயிற்றுக்கிழமை.

"நியாயப்படி நான்தான் நடத்திப் பார்க்கணும்."

"அதானே. எனக்கோ சாயங்காலம் கிளினிக். நீங்க இல்லாம சாம்பிள் டெஸ்ட் எப்படி நடக்கும்? நாலு பிள்ளைங்க, மூணு பெட்டி. பன்னெண்டு டெஸ்ட். அவசரமா பண்ற வேலையா அது?"

"அவசரமே கூடாது. ஒவ்வொண்ணுக்கும் ரெண்டு நாள் வேணும்." வலையின் கடைசி முடிச்சை அவரே போட்டார்.

"ஆனா ஒண்ணுங்க. படிவம் கொடுக்க இந்த மாசம் முப்பதாம் தேதி கடைசி."

கமிட்டியார் நிமிர்ந்து உட்கார்ந்தார். அவர் விலையைச் சந்தேகிப்பார். தரத்தைச் சந்தேகிப்பார். எடைபோட்ட தராசையே இன்னொரு தராசில் வைத்துப் பார்ப்பார். ஆனால் கடைசித் தேதி என்று யாராவது சொல்லிவிட்டால் அங்கே அவர் சந்தேகம் அடங்கிவிடும். இருபது வருஷ வேலையில் தேதி தவறிய டெண்டரை அவர் பிரித்ததுகூட இல்லை.

"முப்பதா? அப்போ இன்னைக்கே கடிதம் எழுதணும்" என்று பேனாவைத் தேடினார். ஏழு மாத ஆள் முப்பது நாளுக்கு இறங்கி வந்தது அந்த ஒரு வாக்கியத்தால்தான்.

நாலாம் நாள் மூன்று பெட்டிகள் வந்தன. கொண்டுவந்த கூரியர்காரர் மூச்சு வாங்கிக்கொண்டே கேட்டார், "ஸ்கூல் தொறக்கிறீங்களா சார்?"

"இல்லைங்க. டெஸ்டிங்."

"எதை?"

"பாடத்தை."

"பெயிலானா?"

"திருப்பி அனுப்பிடுவோம்."

"எங்க காலத்துல எங்களைத்தான் சார் திருப்பி அனுப்புனாங்க" என்று சொல்லிவிட்டு அவர் படியிறங்கினார்.

முதல் பெட்டியைத் திறந்ததும் கமிட்டியார் உருகிவிட்டார். அதில் நிமிஷக் கணக்கில் டைம்டேபிள் இருந்தது. பாடத்துக்குப் பாடம் அடிக்க ஒரு பித்தளை மணிகூட இருந்தது. இரண்டாவது பெட்டியில் வெறும் கதைப் புத்தகங்கள். ‘பிள்ளை விரும்பும்போது வாசிக்கட்டும்’ என்று ஒரு துண்டுச்சீட்டு. "விரும்பும்போதா? அந்த நேரம் டைம்டேபிள்ல எங்கே வருது?" என்று அதை ஒதுக்கி வைத்தார். மூன்றாவதில் காந்தம், நூல், கண்ணாடி, செய்து பார்க்கும் அட்டைகள். மனத்துக்குள் முதல் பெட்டியை ஏற்கெனவே வாங்கிவிட்டார். மிச்சம் நடைமுறைதான்.

நடைமுறை அடுத்த நாள் சாயங்காலம் ஆறு மணிக்கு ஆரம்பித்தது.

வக்கீலுக்கு முதல் பெட்டியிலிருந்து வரலாற்றுப் பாடம். மணி அடித்தார். ஒரு ராஜா நாட்டைச் சிறப்பாக ஆண்டான் என்று வாசித்தார்.

"யார் சொன்னது?" என்றாள் வக்கீல்.

"புஸ்தகத்துல இருக்கும்மா."

"புஸ்தகம் யாரு எழுதினது? ராஜா செத்து எவ்வளவு வருஷம் கழிச்சு? வரி கட்டினவங்க யாராவது கையெழுத்துப் போட்டிருக்காங்களா?"

இருபது நிமிஷப் பாடம் ஒன்றே முக்கால் மணி நேரம் ஓடியது. முடிவில் ராஜா கிட்டத்தட்டக் கைதாகிவிட்டான். வக்கீல் புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டு, "சூப்பர் புஸ்தகம்பா. பக்கத்துக்குப் பக்கம் சண்டை போடலாம்" என்றாள். பத்துக்கு ஒன்பது.

எதுக்குக்கு மூன்றாவது பெட்டி. காந்தத்தை ஊசியிடம் கொண்டுபோனார். ஊசி ஓடிவந்து ஒட்டியது.

"எதுக்குப்பா ஒட்டுது?"

"காந்தம்ல, அதான்."

"எதுக்குக் காந்தம்?"

"இரும்பை இழுக்கும்."

"எதுக்கு இரும்பை மட்டும்? என் கம்மலை எதுக்கு இழுக்கல? கம்மலுக்குப் பிடிக்கலையா?"

கமிட்டியார் அன்று வீட்டில் இருக்கிற எல்லாப் பொருளையும் காந்தத்திடம் அறிமுகப்படுத்தினார். எட்டு மணிக்கு மனைவி கிளினிக்கிலிருந்து வந்தபோது கணவர் பீரோவுக்குப் பின்னால் குப்புறப் படுத்திருந்தார். மேலே மகள் உட்கார்ந்து பட்டியல் எழுதிக்கொண்டிருந்தாள். இதுவும் பத்துக்கு ஒன்பது.

கடைக்குட்டி மூன்று பெட்டியில் எதையும் தொடவில்லை. உள்ளே இருந்ததை வெளியே கொட்டிவிட்டுக் காலிப் பெட்டிக்குள் ஏறி உட்கார்ந்தான். அது பஸ். மறுநாள் கப்பல். அப்பா டிக்கெட் எடுக்க வேண்டும், டிக்கெட்டில் நம்பர் எழுத வேண்டும், நம்பர் தப்பாக இருந்தால் இறக்கிவிடப்படுவார். ஒரு வாரத்தில் அவன் இருபது வரை எண்ணினான். கமிட்டியார் மார்க் பட்டியலில் "அட்டைப்பெட்டி (காலி): 10" என்று எழுதினார். உள்ளதை உள்ளபடி எழுதுவது அவர் தொழில் தர்மம்.

மெக்கானிக்கின் முறை வந்தது ஒரு சனிக்கிழமை மதியம்.

முதல் பெட்டி. "ஆசிரியர் ஒருமுறை வாசிக்கவும். பின் மாணவர் வாசிக்கட்டும்" என்று குறிப்பு. கமிட்டியார் மணி அடித்து, ஒரு பக்கம் வாசித்தார். ஒரு படகுக்காரன் கதை. புத்தகத்தை மகனிடம் கொடுத்தார். மெக்கானிக் தண்ணீர் மாதிரி வாசித்தான். ஒரு எழுத்து தட்டவில்லை. அப்பா நிறுத்திய இடத்தில் நிறுத்தினான். அப்பா இருமிய இடத்தில் மட்டும் இருமவில்லை.

"பாத்தியா!" கமிட்டியார் துள்ளினார். "புஸ்தகம் நல்லா இருந்தா பிள்ளை தானா படிப்பான். பத்துக்குப் பத்து!"

மனைவி ஜன்னலோரம் துணி மடித்துக்கொண்டிருந்தார். திரும்பாமலே சொன்னார்.

"கண்ணா, இப்ப கடைசி வரியிலேருந்து ஒவ்வொரு வரியா மேல வா, பார்ப்போம்."

மெக்கானிக் புத்தகத்தைப் பார்த்தான். விரலைக் கடைசி வரியில் வைத்தான். விரல் அங்கேயே நின்றது.

"இன்னைக்கு வெளிச்சம் கம்மியா இருக்கும்மா" என்றான்.

மதியம் இரண்டு மணி. வெயில் ஜன்னல் வழியாக வந்து புத்தகத்தின் மேலேயே கிடந்தது. கமிட்டியாருக்கு வாய் வரை ஒரு கிண்டல் வந்தது. மகனின் காது மடல் சிவந்திருப்பதைப் பார்த்தார். கிண்டல் திரும்பிப் போய்விட்டது.

"ஆமாண்டா, கம்மியாத்தான் இருக்கு" என்றார். "நாளைக்குப் பார்ப்போம்."

பையன் போன பிறகு மார்க் தாளை எடுத்தார். பத்தை அடித்தார். வேறு என்ன போடுவது என்று தெரியவில்லை. பேனாவை மூடி வைத்தார்.

"உனக்கு எப்போலேருந்து தெரியும்?"

"போன ஊர்லேருந்து. ஒரு தடவை காதுல விழுந்தா அவனுக்கு முழுசா மனப்பாடம். அதை வெச்சே மூணு ஸ்கூல் ஓட்டிட்டான்."

"என்கிட்ட ஏன் சொல்லலை?"

"சொன்னேங்க. மூணு தடவை."

"நான் என்ன சொன்னேன்?"

"‘ம்’னு சொன்னீங்க. அப்போ இஸ்திரிப் பெட்டி புஸ்தகம் படிச்சுக்கிட்டிருந்தீங்க. ரெண்டாவது தடவையும் அதே புஸ்தகம்தான்."

"மூணாவது தடவை?"

"மூணாவது தடவை இஸ்திரிப் பெட்டி வந்திடுச்சு. அதுல தண்ணி ஊத்துற ஓட்டையைத் தேடிக்கிட்டிருந்தீங்க."

கமிட்டியார் எழுந்தார். மடித்த துணிகளை எடுத்து அலமாரியில் அடுக்கப் போனார். கல்யாணமானதிலிருந்து அவராக அதைச் செய்தது அன்றுதான் என்று அவர் மனைவி சொன்னார். அவரிடம் கேட்டேன். இல்லை, இரண்டாவது தடவை என்றார்.

அதற்குப் பிறகு சாம்பிள் டெஸ்ட் வேறு மாதிரி ஆகிவிட்டது. மணியைத் தூக்கிக் கடைக்குட்டியின் பஸ்ஸுக்குக் கொடுத்தார். இரண்டாவது பெட்டிக் கதைகளைத் தான் வாசிக்காமல் மகனிடம் கொடுத்துப் பார்த்தார். மெக்கானிக் ஒரு வரிக்குள் வியர்த்தான். மூன்றாவது பெட்டி அட்டைகளைக் கொடுத்தார். அவன் படத்தைப் பார்த்தே எல்லாவற்றையும் செய்து முடித்தான், ஒரு எழுத்தைக்கூடச் சீண்டாமல். தேதி இருபதைத் தாண்டியது. பாவம், கமிட்டியாருக்கு ஆபீஸில் பேரிங் டெண்டரைப் பிரிக்கும்போதுகூட அந்த விரல் நின்ற வரிதான் கண்ணில் தெரிந்தது.

இருபத்து மூன்றாம் தேதி சாயங்காலம் அவர் வீட்டுக்குள் நுழைந்தபோது, செய்துகாட்டுவதற்காக ஆபீஸிலிருந்து கொண்டுவந்து வைத்திருந்த சின்னப் பம்பு கூடத்துத் தரையில் முப்பது துண்டாகக் கிடந்தது. நடுவில் மெக்கானிக். கையில் ஒரு ரப்பர் வளையம்.

கத்தத்தான் வாயைத் திறந்தார்.

"அப்பா, எல்லாம் மாட்டிட முடியும். இது ஒண்ணு மட்டும் எங்கே போகும்னு தெரியலை."

பக்கத்தில் அலமாரியைக் காலி செய்து துடைத்திருந்தார்கள். தட்டில் விரித்திருந்த பழைய தாள்களும் புத்தகங்களும் தரையில் குவியலாகக் கிடந்தன. மேலாக இருந்தது அந்தப் பம்பின் உதிரிபாகப் புத்தகம். பம்பு பாகம் பாகமாகப் பிரிந்து நிற்கும் படம், ஒவ்வொன்றுக்கும் ஒரு நம்பர், எதிர்ப்பக்கத்தில் நம்பருக்கு நேராகப் பெயர், எங்கே பொருத்துவது என்ற குறிப்பு. அவன் படத்தில் அந்த வளையத்தைக் கண்டுபிடித்து விரல் வைத்திருந்தான்.

"பதினேழாம் நம்பர்" என்றான்.

"பதினேழு என்னன்னு பாரு" என்றார் அவர், பையை மாட்டிக்கொண்டே, யோசிக்காமல்.

விரல் எதிர்ப்பக்கத்துக்குப் போனது. மேலிருந்து கீழே இறங்கியது. நின்றது.

"வா... வாஷ... வாஷர். மூ... மூடிக்கு... அடியில்."

கமிட்டியார் பையை மாட்டிய கையை எடுக்கவில்லை. அந்தப் பக்கத்தை உலகத்தில் யாரும் அவனுக்குச் சத்தமாக வாசித்துக் காட்டியிருக்க முடியாது. மனப்பாடம் செய்ய வழியே இல்லை. அது அவனுடைய சொந்த வாசிப்பு.

அவர் மெதுவாகத் தரையில் உட்கார்ந்தார். குரலைச் சாதாரணமாக வைத்துக்கொள்ள ரொம்பப் பாடுபட்டார்.

"அப்போ... பதினெட்டு?"

"எதுக்குப்பா? பதினெட்டு இங்கே மாட்டியாச்சே."

"எனக்குத் தெரிஞ்சுக்கணும்டா. மறந்துபோச்சு."

அன்று நாற்பத்தொன்று வரை மறந்துபோனார்.

அடுத்த ஆறு சாயங்காலமும் அப்படியே போயின. ஆபீஸிலிருந்து தினம் ஒரு பழைய உதிரிபாகப் புத்தகம் வந்தது. கேட்டு வாங்கி, கையெழுத்துப் போட்டுத்தான். மெக்கானிக் தப்பாக வாசித்தால் அவர் திருத்தவில்லை, தப்பாக வாசித்த இடத்திலேயே பாகத்தை மாட்டச் சொன்னார். மாட்டாது. அவனே திரும்பப் போய் வாசிப்பான். தங்கை எதுக்கு வந்து பக்கத்தில் உட்கார்ந்து, "எதுக்கு அண்ணா வாஷர்?" என்று கேட்டாள். அண்ணன் அவளுக்கு வாசித்துக் காட்டினான்.

முப்பதாம் தேதி மதியம் அரை நாள் லீவு போட்டுவிட்டுக் கமிட்டியின் கடைசிக் கூட்டத்துக்கு அவர் வந்தார். மனைவியும் கிளினிக்கில் சொல்லிவிட்டு வீட்டில் இருந்தார். மார்க் பட்டியலை மேசையில் விரித்தார். முகம் தொங்கியிருந்தது.

"கமிட்டி தோத்துப்போச்சு."

"என்னங்க ஆச்சு?"

"வக்கீலுக்கு முதல் பெட்டி. எதுக்குக்கு மூணாவது பெட்டி. சின்னவனுக்குக் காலிப் பெட்டி. இவனுக்கு எந்தப் பெட்டியும் இல்லை, பம்பு புஸ்தகம். ஒண்ணோட ஒண்ணு ஒத்துப்போகலை. நாலு பேருக்கும் ஒரே பெட்டின்னு வாங்கவே முடியாது. இன்னைக்குக் கடைசித் தேதி. படிவத்துல என்னன்னு எழுதறது?"

"எழுதியாச்சுங்க."

மனைவி ஒரு உறையிலிருந்து படிவத்தை எடுத்து நீட்டினார். நாலு பிள்ளைகள், நாலு வரி. மூத்தவளுக்கு முதல் பெட்டி. மூன்றாமவளுக்கு மூன்றாவது. சின்னவனுக்கு விளையாட்டு. இரண்டாமவனுக்கு நேரே: ‘தொழில் கையேடுகள், உதிரிபாகப் புத்தகங்கள்.’ எழுதிய மை காய்ந்து மங்கியிருந்தது. மேலே பெட்டிகள் வந்த நாளின் தேதி.

"அலமாரியை எதுக்குத் துடைச்சே?" என்று கேட்டார் கமிட்டியார், நிதானமாக.

"தூசி."

"எனக்கு முன்னாடியே தெரிஞ்சிருந்தா முப்பது நாள் மிச்சமாயிருக்குமே!"

"நான் சொல்லியிருந்தா டெஸ்ட் பண்ணாம ஒத்துக்கிட்டிருப்பீங்களா?"

ஒத்துக்கொண்டிருக்க மாட்டார். அவரே தலையாட்டினார். பிறகுதான் கடைசிக் கட்டத்தைப் பார்த்தார். கற்பிப்பவர் என்ற இடத்தில் அவர் பெயர் இருந்தது. நேரம்: தினமும் காலை ஏழு முதல் எட்டரை, சாயங்காலம் ஆறு முதல் எட்டு.

"இதுல என் பேர் இருக்கு."

"ஆமாங்க. டெஸ்ட்ல தேறினவர் நீங்கதான்."

"நான் எங்கே டெஸ்ட்ல இருந்தேன்?"

மனைவி கிளினிக் சீட்டு ஒன்றை எடுத்து மேசையில் வைத்தார். நோயாளி எத்தனை தடவை முழங்காலை மடக்கினார் என்று குறிக்கும் சீட்டு. அதில் மாதம் முழுக்க தேதி வாரியாக மார்க் இருந்தது, தான் கிளினிக்கில் இருந்த நேரத்துக்குப் பிள்ளைகள் சொன்னதை வைத்து. ஆறாம் தேதி: மணி அடித்தார், பொறுமை இல்லை, 3. பத்தாம் தேதி: பீரோவுக்குப் பின்னால், 6. சனிக்கிழமை மதியம்: வெளிச்சம் கம்மி என்று ஒத்துக்கொண்டார், 8. இருபத்து மூன்று: பதினெட்டு என்னன்னு கேட்டார். அங்கே மார்க் இல்லை. ஒரு டிக் மட்டும் இருந்தது, தாள் கிழிகிற மாதிரி அழுத்தி. கீழே மொத்த மதிப்பெண், பத்துக்கு ஒன்பது.

கமிட்டியார் அந்தச் சீட்டை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். இருபது வருஷமாக எல்லாவற்றுக்கும் மார்க் போட்டவர். அவருக்கு யாரும் போட்டதில்லை.

"ஒரு மார்க் எங்கே போச்சு?" என்றார்.

"அது என்கிட்ட இருக்கட்டும். வருஷக் கடைசில பார்ப்போம். மணி நாலாகப்போகுதுங்க, ஆபீஸ் அஞ்சுக்கு மூடிடுவாங்க."

அவ்வளவுதான். தேதி ஞாபகம் வந்ததும் அவர் எழுந்துவிட்டார். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு தாளின் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டார். பஸ் வரவில்லை. ஆட்டோ நிற்கவில்லை. மூன்று தெரு நடந்தார், இரண்டு தெரு ஓடினார். செருப்பு அறுந்தது, கையில் எடுத்துக்கொண்டார். கல்வி அலுவலகத்தின் மாடிப்படியை அவர் ஏறிய வேகத்தில் காவலாளி தீ விபத்து என்று நினைத்து எழுந்து நின்றார். நாலு ஐம்பதுக்குக் குமாஸ்தாவின் மேசை மேல் படிவத்தை வைத்தார். நின்று மூச்சு வாங்கினார்.

"முதல்ல உட்காருங்க சார், தண்ணி குடிங்க" என்றார் குமாஸ்தா. "இதுக்கு ஏன் இப்படி ஓடி வந்தீங்க?"

"எங்க வீட்டுல... தேதி தவறுற பழக்கம்... இல்லைங்க."

குமாஸ்தா ஒரு தினுசாகப் பார்த்துவிட்டு முத்திரை குத்தினார். அந்தப் பார்வையை மரியாதை என்று எடுத்துக்கொண்டதாகக் கமிட்டியார் என்னிடம் சொன்னார்.

வீட்டுக்கு வந்தபோது கூடத்தில் மெக்கானிக் தங்கைக்குப் பம்பு மாட்டக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தான். மனைவி சமையலறையில் இருந்தார். கமிட்டியார் வாசலில் நின்று கொஞ்ச நேரம் கேட்டார். பிறகு உள்ளே போனார். நன்றி சொல்லத்தான் போனார். இருபது வருஷ ஆபீஸ் பழக்கத்தில் வாயில் வந்தது வேறு.

"உறுப்பினரின் சேவையைக் கமிட்டி பாராட்டுகிறது" என்றார்.

"பாராட்டினது போதும். கால்ல ரத்தம் வருது பாருங்க, வந்து உட்காருங்க" என்றார் மனைவி. உட்கார்ந்தார். மனைவி அவர் காலைக் கழுவி மருந்து போட்டார். கமிட்டியார் அங்கேயே அழுதுவிட்டதாக மனைவி சொல்கிறார். மருந்து எரிந்தது என்று இவர் சொல்கிறார்.

அடுத்த வருஷம் மெக்கானிக் அவன் வயதுப் பிள்ளைகளோடு, அவனுக்குரிய வகுப்பில் சேர்ந்தான். இன்னும் மெதுவாகத்தான் வாசிக்கிறானாம். ஆனால் எந்தப் பக்கத்தைத் திறந்து கொடுத்தாலும் வாசிக்கிறானாம். "அந்த முப்பதாம் தேதி மட்டும் தவறியிருந்தா என்ன ஆகியிருக்கும்!" என்று கமிட்டியார் டீ குடிக்கும்போதெல்லாம் சொல்வார். கண் கலங்கிவிடும். பத்து நிமிஷத்தில் குடும்பத்தையே காப்பாற்றிய பெருமை அதில் தெரியும். நானும் ஆமாம் சார் என்பேன்.

எங்கள் வீட்டில் படிவம் நிரப்பத் தெரிந்த முதல் ஆள் நான். அதனாலேயே படிவம் என்றால் எனக்குப் பயம், கடைசித் தேதி என்றால் இன்னும் பயம். இதை எழுத உட்கார்ந்தபோது தேதியைத் தப்பாகப் போட்டுவிடக் கூடாதே என்று கல்வி அலுவலகத்துக்குப் போய் விசாரித்தேன். குமாஸ்தா படிவத்தைப் புரட்டிப் பின்பக்கத்தைக் காட்டினார். ஐந்தாவது விதி: வீட்டில் கற்பிப்பதற்கான இப்படிவத்தை வருஷத்தின் எந்த வேலை நாளிலும் கொடுக்கலாம், இதற்குக் கடைசித் தேதி கிடையாது.